ஆகாயத்தில் கிடைத்த பொதிச்சோறு

என் மகள் பியூலாவுக்கு வேர்க்கடலை விஷம். இதை நான் சொன்னபோது சிரித்தவர்கள் சிலர் இந்தச் சபையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, பேர் சொல்ல மாட்டேன். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும் என்று லீவில் வந்த கையோடு பாஸ்டர் அய்யாவிடம் நேரம் கேட்டேன். சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் யாரும் நம்பாதீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஜெயசீலி. மேற்கு மாம்பலத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தேன். என் வீட்டுக்காரர் தேவராஜ் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். பியூலா எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு சாயங்காலம் அவளைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணலில் வறுத்த கடலை, சூடாக ஒரு பொட்டலம் வாங்கினேன். தோலை ஊதிவிட்டு நாலு பருப்பை நசுக்கி அவள் வாயில் போட்டேன். அலையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கழுத்தைச் சொறிந்தாள். உதடு தடித்தது. முகம் வீங்கிக் கண் இடுங்கிப்போனது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

ஒரு ஆட்டோக்காரர் காசு பேசாமல் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார். ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கடலை மட்டும் இல்லம்மா, கடலெண்ணெயும் இவளுக்கு ஆகாது. அடுத்த தடவை இதைவிட மோசமா வரலாம். எங்க போனாலும் பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கற மாதிரி பாத்துக்கங்க."

கடலையை விட்டுவிடலாம். எண்ணெயை எப்படி விடுவது? நம் வீடுகளில் எண்ணெய் என்றாலே கடலெண்ணெய்தானே. தாளிக்க அது, வடை சுட அது, அப்பளம் பொரிக்க அது. அதைக் கடலை என்று யார் நினைக்கிறார்கள்? "கடலையே போடலடி, சும்மா குடு" என்று எதிர்வீட்டு அக்கா ஆசையாகக் கொடுத்த ஒரு வடையில் மறுபடியும் என் பிள்ளையின் முகம் வீங்கியது. அன்றிலிருந்து என் வீட்டில் நல்லெண்ணெய்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் டிபன் பாக்ஸோடு போவேன். "வந்துட்டாம்மா கடலை அம்மா" என்று சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முறைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருடம், தொண்ணூற்றேழில், என் வீட்டுக்காரருக்குக் குடும்ப விசா கிடைத்தது. எவ்வளவு நாள் உபவாசம் இருந்து கேட்டது! பியூலா தவழ்கிற வயதில் அவர் போனவர். நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தபோது அவரைப் பார்த்து "மாமா" என்றாள். மனுஷன் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். இப்போது ஃபோனில், "சீலி, மே மாசத்துக்குள்ள வந்துடணும். இல்லாட்டி விசா கேன்சல் ஆயிடும். மறுபடி தருவானான்னு தெரியாது" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ சோறு இறங்கவில்லை. ரயிலாக இருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஆகாயத்தில் எங்கே இறங்குவது?

தி.நகரில் டிக்கெட் போடும் ஆபீசுக்குப் போனேன். பாண்டி பஜார் பக்கம், மாடியில்.

"வெஜ்ஜா, நான்வெஜ்ஜா மேடம்?"

"கடலையும் கடலெண்ணெயும் இல்லாத சாப்பாடு வேணும் சார், என் பொண்ணுக்கு."

"அப்ப ஷுகர் பேஷண்ட் சாப்பாடு போட்டுடட்டுமா?"

"அவளுக்கு அஞ்சு வயசு சார்!"

"ஜெயின் சாப்பாடு இருக்கு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் இருக்காது."

"கடலெண்ணெய்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "அதெல்லாம் கிச்சன்ல யார் மேடம் பாக்கறாங்க? இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல. பேசாம வீட்லேர்ந்து கட்டிட்டுப் போயிடுங்க."

அவர் சொன்னதும் சரிதான் என்று நினைத்தேன். மே மாதத்தின் கடைசி நாளுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. கிளம்புகிற அன்று விடியற்காலையில் எழுந்து இட்லி சுட்டேன். நல்லெண்ணெயில் மிளகாய்ப்பொடி குழைத்துத் தடவினேன். டிபன் பாக்ஸில் அடுக்கித் துணியில் கட்டினேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கைப்பையில் வைத்தேன். பிஸ்கட்டெல்லாம் பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. இட்லி இருக்கும்போது வேறென்ன வேண்டும்?

வழியனுப்புவது என்றால் நம் ஆட்கள் எப்படி வருவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு வேன் நிறைய ஆட்கள். மீனம்பாக்கத்தில் இறங்கி, வாசலிலேயே கைகோர்த்து நின்று ஜெபம். என் நாத்தனார் ரூபி அழுது அழுது மூக்கு சிவந்து, என் தோளில் மாட்டியிருந்த பையை வாங்கி, எதையோ எடுத்து எதையோ வைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். நான் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கி ஆட்களை ஏற்றிக்கொண்டு மஸ்கட் போகும். மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் பியூலா, "பசிக்குதும்மா" என்றாள். பாக்ஸைத் திறந்தேன். இட்லி இல்லை. மஞ்சள்மஞ்சேரென்று எலுமிச்சை சாதம். நல்ல வாசனை. நிலக்கடலையின் வாசனை! குனிந்து மோந்து பார்த்தேன். சாட்சாத் கடலெண்ணெய்த் தாளிப்பு.

அப்போதுதான் புரிந்தது. முந்தின நாளே ரூபி சொன்னாள்: "போற அன்னிக்கு ஆறிப்போன இட்லியா அண்ணி? நான் சூடா ஏதாவது பண்ணித் தரேன், ஒரு கடலைகூட போடாம." வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் கேட்கவில்லை. சொன்ன மாதிரியே ஒரு கடலைகூடப் போடவில்லை. பயந்து முந்திரியைக்கூடப் போடாமல் விட்டிருந்தாள். ஆனால் எண்ணெய்! எண்ணெய் யாருக்கு ஞாபகம் வரும்? என் இட்லியை வேன் டிரைவருக்குக் கொடுத்துவிட்டாள் என்று அப்புறம் ஃபோனில் சொன்னாள். அவர் நன்றாக இருந்தது என்றாராம்.

அந்த நேரத்தில் ரூபி மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதைச் சபையில் சொல்ல முடியாது. பாக்ஸை மூடிக் காலடியில் தள்ளினேன்.

அதற்குள் தள்ளுவண்டி வந்தது. ஜூஸ். கூடவே ஆளுக்கு ஒரு சின்னப் பாக்கெட் உப்புக்கடலை. எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர் நம்ம ஊர்ப் பெரியவர், சைதாப்பேட்டைக்காரர். பாக்கெட்டைப் பிரித்தார். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுக்காமல் சாப்பிட நம் ஆட்களுக்கு மனசு வருமா? நான் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவர் சீட்டுக்கு மேலே கையை நீட்டி, "இந்தாடா கண்ணு" என்று பியூலாவின் உள்ளங்கையில் கடலையைக் கொட்டிவிட்டார்.

நான் பாய்ந்து தட்டிவிட்டேன். கடலை சிதறியது. பியூலா பயந்து அழுது, அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினாள்.

அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இமை உப்பியது. கன்னத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. தண்ணீர் வாங்கி முகத்தையும் கையையும் கழுவினேன். மருந்தைக் கொடுத்தேன். அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், அந்த விசில் சத்தம் வருகிறதா, வருகிறதா என்று. பெரியவர் வெலவெலத்துப்போய், "ஐயோ, தெரியாம குடுத்துட்டேம்மா, தெரியாம குடுத்துட்டேன்" என்று கையைக் கூப்பினார். அவரைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை.

மூச்சு சரியாகத்தான் இருந்தது. வீக்கம் கண்ணோடு நின்றது. விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது.

விமானப் பணிப்பெண் வந்தாள். நல்ல பெண்தான், எனக்குத்தான் அன்றைக்கு யாரும் நல்லவர்களாகத் தெரியவில்லை.

"இனிமே மஸ்கட் வரைக்கும் கடலை குடுக்காதீங்கம்மா" என்றேன்.

"உங்களுக்குக் குடுக்க மாட்டோம் மேடம்."

"முன் சீட்ல, பின் சீட்ல?"

"அவங்க கேட்டா நாங்க இல்லைன்னு சொல்ல முடியாது மேடம்."

"சரி, சாப்பாடு என்ன எண்ணெய்ல செஞ்சது?"

அவள் உண்மையைச் சொன்னாள். "எனக்குத் தெரியாது மேடம். பொய் சொல்லக் கூடாது பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க இறங்கறதா இருந்தா இப்பவே சொல்லுங்க. பெட்டியை வேற இறக்கணும்" என்றாள்.

இறங்கினால் பிள்ளை பத்திரம். ஆனால் விசா போயிற்று. அவர் அங்கே தனியாக, நாங்கள் இங்கே தனியாக, அவள் இன்னும் எத்தனை வருஷம் அப்பாவை மாமா என்று கூப்பிடுவாளோ. இறங்காவிட்டால் கடலுக்கு மேலே பல மணி நேரம், சுற்றிலும் கடலைப் பாக்கெட். அதோடு, பசிக்குது பசிக்குது என்கிற பிள்ளைக்குக் கொடுக்க ஒரு கவளம் இல்லை.

நான் ஜெபம் பண்ணினேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஆண்டவரே, விசா கேட்டேன், கொடுத்தீர். கொடுத்துவிட்டு இப்படி நடுவழியில் நிறுத்தினால் என்ன நியாயம்? என்னை இறங்கச் சொல்கிறீரா, இருக்கச் சொல்கிறீரா? எனக்குப் பூடகமாகச் சொன்னால் புரியாது. விளங்கும்படி சொல்லும். இந்தக் கதவு சாத்துவதற்குள் சொல்லும்." இதைச் சொல்லி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன்.

ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். எல்லாம் மலையாளத்துக்காரர்கள். பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தலையிலும் தேங்காயெண்ணெய், மடியில் வைத்திருந்த பொட்டலத்திலும் தேங்காயெண்ணெய். எனக்கு அந்த வாசனையே ஆகாது. இது வேறயா என்று நினைத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இன்னாமா, ஏன் அழுதுகினு கீறே? கொழந்த மூஞ்சிக்கு இன்னா ஆச்சு?"

தூக்கிவாரிப்போட்டது. மலையாளத்து மனுஷர் வாயில் நம்ம மெட்ராஸ் தமிழ்! நான் முழிப்பதைப் பார்த்து அவரே சிரித்தார். பேர் ஹம்சா. சின்ன வயதில் அடையாறில் அவருடைய மாமாவின் டீக்கடையில் வேலை பார்த்தாராம். "ஊரூர் குப்பத்து மீன்கார ஆளுங்கதான் டீ குடிக்க வருவாங்கோ. அவுங்கதான் தமிழ் கத்துக் குடுத்தது" என்றார். இப்போது மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார், லீவு முடிந்து திரும்புகிறார்.

என்ன தோன்றியதோ, முன்பின் தெரியாத அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடலை, எண்ணெய், ரூபி, இட்லி, விசா. அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கேட்டு முடித்தார். எழுந்து சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, விமானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்.

"எல்லாவரும் ஒந்நு கேள்க்கணே! ஈ மோள்க்கு கப்பலண்டி பற்றூலா! மஸ்கட் எத்துந்நது வரெ ஆரும் வாங்கண்டா!"

வேர்க்கடலைக்கு அவர்கள் ஊரில் கப்பலண்டி என்று பேராம். இந்தப் பிள்ளைக்கு அது ஆகாது, மஸ்கட் போகிறவரை ஒருத்தரும் வாங்காதீர்கள் என்று சொன்னார். பின்னாலிருந்து யாரோ என்னமோ கேட்க, இவர் பதில் சொல்ல, ஒரே சிரிப்பு. ஆனால் ஒருத்தர் விடாமல் தலையாட்டினார்கள். முன் சீட்டுப் பெரியவர் அந்த நேரத்தில் எழுந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "நம்ம ஆளுங்களுக்கும் சொல்றேன். நான்தான் அந்தக் குழந்தைக்குக் குடுத்துத் தப்பு பண்ணிட்டேன். தயவு செஞ்சு யாரும் பிரிக்காதீங்க" என்றார். முன்பு வாங்கிப் பையில் வைத்திருந்தவர்கள்கூட எடுத்துப் பணிப்பெண்ணிடம் நீட்டினார்கள். அவள் ஒரு பையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாரும் வேண்டாம்னா எனக்கென்ன மேடம்? வண்டியில ஏத்தவே மாட்டேன்."

நான் சிரித்தவர்களை மட்டுமே பார்த்து வளர்ந்தவள் மாதிரி இருந்துவிட்டேன். கேட்டால் கேட்பார்கள் என்றே எனக்குத் தெரியாது.

கதவு சாத்தினார்கள். நான் இறங்கவில்லை.

மேலே போனதும் சாப்பாட்டுத் தட்டு வந்தது. எங்களுக்கு வேண்டாம் என்றேன். பியூலா ஒரு கண்ணால் தட்டுகளைப் பார்த்தாள். இன்னொரு கண்தான் வீங்கியிருந்ததே. ஹம்சா தன் மடியிலிருந்த பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தார்.

"இது எம் பொண்டாட்டி கட்டிக் குடுத்தது. எங்க ஊட்ல தேங்காயெண்ணெய் தவுர வேற எண்ணெயே கெடையாதுமா. கொழந்தைக்குக் குடு."

நான் விடவில்லை. உள்ளே என்னென்ன என்று முதலில் கேட்டு, ஒவ்வொன்றாகத் துருவினேன். மீன் எதில் பொரித்தது? தேங்காயெண்ணெய். முட்டை? தேங்காயெண்ணெய். பயறு வதக்கல்? "அதுவுந்தாம்மா!" ஊரே கேலி பண்ணுமே, மலையாளத்துக்காரர்களுக்கு எதை எடுத்தாலும் தேங்காயெண்ணெய்தான் என்று, நானும்தான் பண்ணியிருக்கிறேன். அந்தத் தேங்காயெண்ணெயில் என் பிள்ளைக்குக் கர்த்தர் பந்தி விரித்திருந்தார்!

பொட்டலத்தைப் பிரித்தேன். வாட்டிய வாழையிலை. உள்ளே சோறு, சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையல், ஒரு முட்டை அடை, பயறு, மூலையில் ஒரு துண்டு மீன். பொதிச்சோறு என்று சொல்வார்களாம். பியூலா அள்ளி அள்ளித் தின்றாள். பசியில் மீன் முள்ளைக்கூட என்னிடம் பார்க்கக் கொடுக்காமல் அவளே துப்பினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தேன். உதடு தடிக்கவில்லை. தொண்டை அரிக்கவில்லை. கடைசியில் இலையை வழித்து நக்கிவிட்டு, "அம்மா, இதே மாதிரி நீ செய்வியா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"உங்களுக்குச் சாப்பாடு?" என்று அவரிடம் கேட்டேன்.

"உன் நாத்தனார் சோறு வீணாப் போவலாமா?" என்றார். எலுமிச்சை சாதத்தை எடுத்துக்கொண்டு பின்னால் காலியாக இருந்த கடைசி வரிசைக்குப் போய்ச் சாப்பிட்டார். வாயையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எங்கள் பக்கம் வந்தார். இதைச் செய்யச் சொல்லி நான் சொல்லவே இல்லை.

பியூலா என் மடியில் தூங்கிவிட்டாள். இமை வீக்கம் வடிந்துகொண்டே வந்தது. நான் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். பல மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. நானும் அப்படியே தூங்கிப்போனேன்.

மஸ்கட்டில் இறங்கியதும் என் வீட்டுக்காரர் தூரத்தில் நின்று கையாட்டினார். பியூலா என் பின்னால் ஒளிந்தாள். அப்புறம் எட்டிப் பார்த்தாள். "அப்பாவா?" என்றாள். "ஆமாடி, போ" என்றேன். ஓடினாள். மனுஷனுக்கு அங்கே திறந்துவிடக் குழாய் இல்லை, எல்லோர் முன்னாலும் அழுதார்.

ஹம்சாவிடம் நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் அந்தக் காலி வாழையிலையை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார்.

"குப்பையில போடலையா?" என்று கேட்டேன்.

இலையை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு சொன்னார். "ஒவ்வொரு தபாவும் எம் பொண்டாட்டி விடியறதுக்கு முன்னாடி எழுந்து இத்தக் கட்டிக் குடுக்கும். பிளேன்ல பிரிச்சா எனக்கு அழுகை வந்துரும்மா. ஊட்டு வாசனை. அதால பிரிக்கவே மாட்டேன். இங்க எறங்கி, அதோ அந்தத் தொட்டியில முழுசாப் போட்டுட்டுப் போவேன். ஃபோன் பண்ணா மொதல்ல 'சோறு துன்னியா'ன்னுதான் கேக்கும். துன்னேன்னு பொய் சொல்லுவேன். இன்னிக்கு ஏறும்போது அல்லாகிட்ட கேட்டேன், இந்தத் தபாவாவது இது குப்பைக்குப் போவக் கூடாதுன்னு."

இலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இன்னிக்குப் பொய் சொல்ல வேணாம். ஒரு கொழந்த எலைய வழிச்சுத் துன்னுச்சுன்னு சொல்லுவேன்" என்றார்.

சகோதரிகளே, நான் என் பிள்ளைக்காக மட்டும்தான் சண்டை போட்டேன். அந்த நேரத்தில் இன்னொரு மனுஷன் அதே விமானத்துக்குள் வேண்டிக்கொண்டு ஏறினது எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே பொட்டலத்தில் பதில் வந்தது.

இப்போது நான் முறைப்பதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். லீவுக்கு வந்த விமானத்திலும் ஏறின உடனே சொன்னேன், யாரும் கடலை பிரிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு கஷ்டம் இருக்கும். மற்றவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிற கஷ்டம். இதைப் போய்க் கடவுளிடம் கேட்பதா என்று வெட்கப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் என்னை மாதிரி சண்டை போட்டுக் கேளுங்கள். பக்கத்து சீட்டில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைப்பது என்று அவருக்குத் தெரியும்.